பூமியின் வயது ஒரு நிரை

என் வீட்டுக்காரர் கட்டாருக்கு வேலைக்குப் போய் ஐந்து வருடமாகிறது. முதல் வருடம் தினமும் பேசினார், அப்புறம் தீபாவளிக்கு மட்டும். மூன்று வருடமாகப் பேச்சே இல்லை. ஆனால் நான் டீச்சராக இருக்கும் இந்த அக்கரப்பத்தனைத் தோட்டத்தில் யார் விசாரித்தாலும், "இப்பதான் போனாரு, வந்துருவாரு" என்றுதான் சொல்லி வந்தேன். பொய் சொல்வதில் நான் கெட்டிக்காரி. பள்ளிக்கூடக் குவார்ட்டர்ஸில் எனக்கு மட்டும் உலை வைத்துச் சாப்பிட்டுவிட்டு, அந்தப் பொய்யை நானும் கொஞ்சம் நம்பிக்கொண்டு படுப்பேன். தனிமை அப்படியெல்லாம் பழக்கிவிடுகிறது.

தரம் நான்கில் படிக்கும் ஒருத்தி, டைனோசர் இருந்தது தாத்தா காலத்திலா என்று கேட்டதில்தான் வந்தது வினை. பூமிக்கு நானூற்று அறுபது கோடி வயது என்றேன். பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். ஊழி, யுகம் என்று அதைக் கூறுபோட்டுக் கரும்பலகையில் எழுதினேன். கொட்டாவி விட்டார்கள். சரி, நாளைக்குக் காட்டுகிறேன் என்றேன்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தேயிலை மலை. சாயங்காலமே போய் ஒரு நிரையில் செடிக்கு ஓர் எட்டாக நாற்பத்தாறு எட்டு எண்ணி, கடைசிச் செடியில் சிவப்பு ரிப்பன் கட்டிவிட்டு வந்தேன். செடிக்குப் பத்துக் கோடி வருடம். முதல் செடியில் பூமி பிறக்கும். பத்தாவதுக்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் வந்துவிடும். டைனோசர் நாற்பத்து நான்காவதில் வந்து கடைசிச் செடியில் போய்ச் சேரும். மனிதனுக்கு அந்தச் செடியின் கொழுந்து நுனிகூட அதிகம்.

மறுநாள் பிள்ளைகள் கத்திக்கொண்டே எண்ணிப் போனார்கள். ரிப்பனுக்கு வந்தபோது நாற்பத்து நாலுதான். மறுபடி எண்ணச் சொன்னேன். மறுபடியும் நாற்பத்து நாலு. எனக்குக் கோபமே வந்துவிட்டது. அப்புறம்தான் கவனித்தேன், நிரையின் நடுவில் பட்டுப்போன இரண்டு செடிகளைப் பிடுங்கியிருந்த இடத்தை எல்லோரும் தாண்டிப் போயிருந்தார்கள். கொழுந்து எடுப்பவர்களின் பிள்ளைகள் வேறெப்படி எண்ணுவார்கள்?

"வெறும் எடத்த யாரு டீச்சர் எண்ணுவா?" என்றாள் டைனோசர்காரி.

"எண்ணணும்மா. அங்க ஒண்ணும் இல்லாட்டியும் காலம் போயிருக்குல்ல?"

மூன்றாம் முறை அந்த வெறும் மண்ணில் ஏறி நின்று "இருபது, இருபத்தொண்ணு" என்று கத்தினார்கள். கணக்குச் சரியாக வந்தது.

திரும்பும்போது டைனோசர்காரி மட்டும் என் பக்கத்தில் நடந்தாள்.

"ஒங்க வீட்டு சேர் கட்டாருக்குப் போய் எவ்வளவு காலம் டீச்சர்?"

"இப்பதான்…"

"எங்க அப்பாவும் அப்படித்தாங்க சொல்லுவாரு. அம்மா குவைத்துக்குப் போயி நாலு வருஷம்."

குறையாகச் சொல்லவில்லை, எண்ணிச் சொன்னாள்.

"அஞ்சு வருஷம்மா," என்றேன். "இனி வர மாட்டாரு."

வாய்விட்டு அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"எங்கம்மா வந்துருவாங்கதானே டீச்சர்?"

வந்துவிடுவார்கள் என்று சொல்லத்தான் நினைத்தேன். பொய்யில் அவ்வளவு கெட்டிக்காரியான நான் அன்றைக்கு, "தெரியலம்மா" என்றேன்.