விசாலம் மன்னி வாசித்த பட்டியல்

போன வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டுக்கு அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு கார்டு வந்தது. கிட்டு அண்ணா வாசலில் நின்றே படித்தார். சாவுக் கடிதம் வீட்டுக்குள் வரக் கூடாதென்று அங்கேயே கிழித்துப் போட்டார். அவருடைய அண்ணன் மனைவி விசாலம் மன்னி, பிறந்தகத்தில் விஷஜுரத்தில் இறந்துவிட்டாள். இருபத்தெட்டு வயது.

வலியசாலைப் பெண்களான உங்கள் எல்லோருக்கும் அவளைத் தெரியும். நம் கையெழுத்துப் பத்திரிகையில் அவளைப் பற்றி யார் எழுதுவது என்றபோது என்னைக் காட்டினீர்கள். நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள் நான். எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்கப்போவதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

கல்யாணமாகி இந்த மலையாள ராஜ்யத்துக்கு வந்தபோது மன்னிக்குத் தமிழ் நன்றாகப் படிக்க வரும்; மலையாளத்தில் ஓர் எழுத்தும் தெரியாது. நான் மலையாளப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். ராஜ்யத்தில் அரசியல் கூட்டம் கூடக் கூடாதென்று உத்தரவு இருந்த வருஷம் அது. மன்னியின் கணவர் சங்கரன் அண்ணா ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு, தெற்கே ஓர் ஊரில் நடந்த கூட்டத்துக்குப் போனார். திரும்பவில்லை.

மறுநாள் பத்திரிகை வந்தது. கிட்டு அண்ணா படித்துவிட்டு மடித்தார்.

"என்ன போட்டிருக்கு, கிட்டு?"

"வெடிவைப்புன்னு போட்டிருக்கு. ஏதோ கோவில்ல வழிபாட்டு வெடி வச்சதாக்கும். வேறொண்ணும் இல்லை, மன்னி."

மலையாளத்தில் வெடிவைப்பு என்றால் துப்பாக்கிச் சூடு. அது தெருவில் எல்லோருக்கும் தெரியும், மன்னி ஒருத்தியைத் தவிர. அவள் தாங்கமாட்டாள் என்று நல்லெண்ணத்தில்தான் அனைவரும் மறைத்தோம். அப்பா வாங்கிய பத்திரிகையை நானும் படித்திருந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் எங்கள் கிணற்றடிக்கு வந்தாள்.

"வழிபாட்டு வெடிக்கு எதுக்குடி உங்கம்மா என்னைக் கண்டதும் கண்ணைத் துடைச்சுக்கறா? நீ சொல்லு."

"எனக்குத் தெரியாது மன்னி."

அவள் கோபப்படவில்லை. இடுப்பிலிருந்து மடித்த பத்திரிகையை எடுத்தாள். "கிட்டு அரிசிப் பானைல ஒளிச்சு வச்சிருந்தான். சமைக்கறது யாருன்னு மறந்துட்டான். சேதி சொல்ல வேண்டாம். எழுத்தை மாத்திரம் சொல்லு."

செய்தியைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுத்தைச் சொல்ல வந்தது. விரலை வைத்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் அவற்றைச் சேர்த்து உரக்க வாசித்தாள். முதலில் மரித்தவர்கள் பட்டியல். ஒவ்வொரு பெயரையும் முழுதாக வாசித்து முடித்தாள். அவள் விரல் என் விரலைத் தொட்டுக்கொண்டே வந்தது. அடுத்த தலைப்பு முறிவேற்றவர்.

"எலும்பு முறிஞ்சவாளா?"

"காயம் பட்டவா, மன்னி. ஆஸ்பத்திரில இருக்கறவா."

நான்காவது பெயரில் 'ச' என்றேன். 'ங்' என்றேன். அவள் வாய் மூடிக்கொண்டது. கணவர் பெயரை அவள் ஒருநாளும் சொன்னதில்லை, அன்றும் சொல்லவில்லை. மீதி எழுத்துகளை நானே சொல்லி முடித்தேன்.

கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அழுதாள். பிறகு சொன்னாள்: "மூணு நாளா எல்லாருமாச் சேர்ந்து மறைச்சு மறைச்சே அவரைக் கொன்னு வச்சிருந்தேளேடி. இந்தக் காகிதத்துல அவர் உயிரோட இருக்கார்."



அவர் ஆஸ்பத்திரியிலிருந்து ஜெயிலுக்குப் போனார். மன்னி ஒரு மாதத்தில் மலையாளம் படிக்கக் கற்றுக்கொண்டாள். "நம்ம டானா சம்மணம் போட்டு உக்காந்திருக்கு, இவா டானா பாம்பாட்டம் நெளியறதே" என்று சிரித்தது அந்த நாட்களில்தான். மத்தியானம் உங்களில் பலர் அவள் கூடத்துக்கு வந்து, அவள் பத்திரிகையை உரக்கப் படிக்கக் கேட்டிருக்கிறீர்கள். விளம்பரத்தைக்கூட விடமாட்டாள். ஏன் மன்னி என்றால், "இதுல யாரும் சாகலை, அதான் படிக்கறேன்" என்பாள். பத்திரிகை படிக்கிறவள் வைத்த ரசத்தில் உப்பில்லை என்று கிட்டு அண்ணா ஒருநாள் குத்தினார். "கேட்டியோ கிட்டு, பானைக்குள்ள நீ எதை ஒளிச்சேன்னு தேடிப் பாரு, உப்பும் அங்கதான் இருக்கும்" என்றாள். அதன்பின் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

சில நாட்கள் பத்திரிகையில் கெட்ட செய்தி மட்டுமே இருக்கும். தலைப்பைக் கேட்டதும் யாராவது விம்மினால் நிறுத்துவாள். "பாதி கேட்டுட்டு அழாதேங்கோ. முழுசும் படிச்சுடறேன், அப்புறம் சேர்ந்து அழலாம்." முடிக்கும்போது பெரும்பாலும் யாரும் அழமாட்டோம். அடுத்து என்ன செய்யலாம் என்று பேசிக்கொண்டிருப்போம்.

சங்கரன் அண்ணா விடுதலையாகி, காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்ததை நீங்களும் பார்த்தீர்கள். இப்போது அம்பாசமுத்திரத்தில் காரியங்கள் செய்துகொண்டிருக்கிறார். அவர் வந்தால் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

நேற்று மத்தியானம் எதிர்வீட்டு மாமி எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவள் பிள்ளை ரங்கூனில் வேலையில் இருக்கிறான். கடிதம் வந்து இரண்டு மாதமாகிறது.

"பத்திரிகைல ரங்கூன் பேர் அடிபடறதாமே. என்ன போட்டிருக்கு, குழந்தே?"

ரங்கூனில் குண்டு விழுந்த செய்தியைக் காலையிலேயே படித்திருந்த அப்பா, சொல்லாதே என்று எனக்குக் கண்ணைக் காட்டினார். 'எனக்குத் தெரியாது' என்பது நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கும் பலம்தான் மன்னியிடமிருந்து எனக்கு மிஞ்சியது. மாமியை உட்காரச் சொல்லிவிட்டு, தலைப்பிலிருந்து படிக்கத் தொடங்கினேன்.

"கேக்கலைடி. உரக்கப் படி" என்றாள் மாமி.

உரக்கப் படித்தேன்.