சாரலுக்கு ஏற்ற ரப்பர்

ஈரம் குடித்த ரப்பருக்கு ஒரு வாடை உண்டு. நனைந்த செருப்பை மூடிய அறைக்குள் போட்டு வைத்தது போல, கொஞ்சம் பசை வாடையும் சேர்ந்து மூக்கிலேயே நிற்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான், எழுத்து கோணலாகத்தான் வரும், நேற்று என்ன சாப்பிட்டேன் என்பதே மறந்துபோகிறது, வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த வாடையும், அதோடு சேர்ந்து என்மேல் விழுந்த ஒரு சொல்லும் மறக்கவில்லை.

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற வழியில் இருந்த ஒரு பங்களாவுக்கு அப்பாதான் காவல், சமையல், எல்லாம். அதன் கூடத்தில் ஒரு டேபிள் டென்னிஸ் மேஜை கிடந்தது. விருந்தாளிகள் தங்காத நாட்களில், அவர்கள் விட்டுப்போன பழைய பேட்டுகளை வைத்துக்கொண்டு நானும் அப்பாவும் ஆடுவோம். வெயில் அடிக்கும்போது ஸ்பாஞ்ச் வைத்த "வழுவழு" ரப்பர்தான் ராஜா, பந்தைக் கவ்விச் சுழற்றிவிடும். ஆனி பிறந்து சாரல் சன்னல் வழியாகப் புகுந்துவிட்டால், கண்ணுக்குத் தெரியாத ஈரம் அதன்மேல் படிந்து, பந்து சுழலாமல் வழுக்கிக்கொண்டு நெட்டில் போய் விழும். துண்டால் துடைத்தாலும் பத்து அடிக்குத் தாங்காது. மேலே சிறுசிறு குமிழாக எழும்பி நிற்கும் "புள்ளி" ரப்பருக்கு அந்தத் தொல்லை குறைவு, ஈரம் புள்ளிகளுக்கு நடுவே இறங்கிவிடும், நுனி மட்டும் பந்தைத் தொடும், சுழலாவிட்டாலும் சொன்ன இடத்துக்குப் போகும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, தோற்றுத் தோற்று நானே கண்டது.

"எப்பா, ஒரு பக்கம் வழுவழு, ஒரு பக்கம் புள்ளி ஒட்டித் தாங்க" என்று கேட்டேன். சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் வாங்கி வந்து அப்பாவே ஒட்டினார். "ஒன் பேட்டுக்கு ரெண்டு மூஞ்சி இருக்கு, ஏட்டி" என்று சிரித்தார். இரண்டும் ஒரே செம்மண் நிறம்.

நான் ஐந்து முடித்து வீட்டில் இருந்த அந்த வருஷத்து சீசனில், பாளையங்கோட்டையில் பெண்கள் பள்ளி நடத்தும் ஒரு பெரிய டீச்சர் வந்து தங்கினார். நான் ஆடுவதைப் பார்த்துவிட்டு, "எங்க பள்ளிக்கொடத்துல இந்த ஆட்டத்துக்குப் பிள்ளையே இல்ல. நாளைக்கு நல்லா ஆடிக் காட்டு, ஆறாம் வகுப்புல ஹாஸ்டலோட சேத்துக்கிடுதேன்" என்றார். மறுநாள் விருந்தாளிப் பிள்ளைகளுக்குப் போட்டி. வருஷா வருஷம் வருகிற மதுரை வக்கீல் ஒருவரின் மகள் மாலதியோடு என்னை ஆடவிட்டார்கள். அவளுக்குப் புதுப் பேட், இரண்டு பக்கமும் வழுவழு.

முதலில் சுள்ளென்று வெயில். அவள் கைதான் ஓங்கியது. பிறகு சாரல் பிடித்தது. நான் பேட்டைக் கைக்குள்ளேயே திருப்பிப் பிடித்துக்கொண்டேன். அவள் அடித்த பந்தெல்லாம் நெட்டில் சறுக்கி விழ, நான் பதினெட்டு, அவள் ஒன்பது.

"ஏய், ஒன் பேட்ல என்ன மாவா தடவிருக்க?" என்று மாலதி கத்தினாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

வக்கீல் எழுந்து வந்து என் கையிலிருந்து பேட்டைப் பிடுங்கித் தடவிப் பார்த்தார். "இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணா? இது கள்ளாட்டம்" என்றார். ஆட்டத்தின் விதிகளை இங்கிலீஷில் அச்சடித்து அந்தக் கூடத்துச் சுவரிலேயே சட்டம் போட்டு மாட்டியிருந்தது. எனக்கும் அப்பாவுக்கும் இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரிந்த வக்கீலும் டீச்சரும் அந்தப் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை.

நான் அப்பாவைப் பார்த்தேன். ஒட்டினது அவர்தானே, சொல்லுவார் என்று நினைத்தேன். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "சின்னப் பிள்ள, தெரியாமச் செஞ்சிட்டா அய்யா" என்றார். "மன்னிப்புக் கேளு, ஏட்டி."

கேட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் நாக்கு கசக்கிறது. "பொய்யாட்டம் ஆடுத பிள்ளை ஹாஸ்டலுக்கு ஆகாது" என்று டீச்சர் அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப்பின் பள்ளிக்கூடமும் இல்லை, ஆட்டமும் இல்லை. அப்பாவுக்கு வேலை போய்விடுமோ என்ற பயம், அதை நான் புரிந்துகொண்டுவிட்டேன். படித்தவர்களை மட்டும் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. தன் மகள் தோற்கிறாள் என்பதற்காக ஒரு பிள்ளையின் படிப்பில் மண்ணள்ளிப் போடலாமா?

போன வாரம் கண்ணாடி மாற்றத் தென்காசிக்குப் போயிருந்தேன். பக்கத்து விளையாட்டுக் கடையில் ஒரு அம்மா மகளுக்கு பேட் வாங்கிக்கொண்டிருந்தார். "குத்தாலத்துல சீசன்ல ஆடணும்னா ஒரு பக்கமாவது புள்ளி ரப்பர் போடுங்க மேடம், வழுவழுவ மட்டும் நம்பாதீங்க" என்றார் கடைக்காரர். இப்போது ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் கறுப்பாம், எதிராளிக்குத் தெரியும்படி. ஒருவரும் கள்ளாட்டம் என்று சொல்லவில்லை. பில் போட்டுக் கொடுத்தார்கள். என் பேட்டைப் பற்றிச் சொல்ல ஆசைதான்; கூச்சத்தில் கண்ணாடியை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

பங்களா இருந்த இடத்தில் இப்போது லாட்ஜும் கார் நிறுத்துமிடமும். மேஜை போயிற்று, அப்பா போய்விட்டார், வக்கீலும் இருக்கமாட்டார்.

விவரம் தெரிந்தவர்கள் யாராவது அந்தக் காலத்து விதியைத் தேடிப் பாருங்கள். இரண்டு பக்கமும் வேறு வேறு ரப்பர் ஒட்டக்கூடாது என்று அதில் எழுதியிருந்ததா? எழுதியிருந்தால் வாயை மூடிக்கொள்கிறேன். எழுதவில்லை என்றால் என்னிடம் வந்து சொல்ல வேண்டாம். மாலதியும் இப்போது என்னைப் போலக் கிழவியாகி மதுரையில் எங்காவது இருப்பாள். அவளிடம் போய்ச் சொல்லுங்கள்.