மாசிலாமணி கேட்காத கேள்வி

வெண்ணந்தூர்ச் சபையில் மாசிலாமணி உபதேசியாருக்குப் பதினெட்டு வருஷ உத்தியோகம். ஞானோபதேசக் கேள்வி பதில் அத்தனையும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தேவன் என்று அவர் ஒப்பித்தால் கிளிப்பிள்ளை தோற்றுப்போகும். ஆனாலும் சபையில் யாருக்குக் காய்ச்சல் கண்டாலும் ஜெபத்துக்கு ஆள் போவது தறிக்காரர் சின்னண்ணன் வீட்டுக்குத்தான். உபதேசியாருக்கு அது தீராத வயிற்றெரிச்சல்.

இத்தனைக்கும் சின்னண்ணன் ஞானஸ்நானம்கூடப் பெறாதவர். மாற்கு சுவிசேஷத்தைத் தறிக்குழியோரம் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தவர். நோயாளியின் காலடியில் உட்கார்ந்து, "ஏசப்பா, இந்தப் புள்ளைக்கு வலி தாங்கலீங்க, செத்த பாருங்க" என்பார். கூடியிருப்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். மாசிலாமணி அரைமணி நேரம் இலக்கணசுத்தமாக ஜெபித்தால் கொட்டாவிதான் விடுவார்கள்.

சேலத்திலிருந்து வருஷத்துக்கொருமுறை வரும் போதகர் ஐயர்தான் ஞானஸ்நானம் கொடுப்பார். யார் தயார் என்று பட்டியல் எழுதுவது மாசிலாமணி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷம் சின்னண்ணனைக் கூப்பிட்டுத் திரித்துவத்தைப் பற்றிக் கேட்டார்.

"ஏசு கடவுளோட மகனுங்க. அவர நம்பித்தான் மாரியாத்தா நோம்பிக்கும் போறதில்லீங்க. மூணு பேரு, ஆனா ஒருத்தருங்கறது மட்டும் வெளங்கலீங்க. வெளங்காதத வெளங்குச்சுன்னு எப்படிங்க சொல்றது?"

"அப்படின்னா நீங்க கிறிஸ்தவரே இல்லீங்க" என்றார் மாசிலாமணி. சொல்லும்போது நெஞ்சு இனித்தது.

மூன்று வருஷம் அதே கேள்வி, அதே பதில். மூன்று முறையும் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை.

நாலாம் வருஷம் சின்னண்ணன் விஷக்காய்ச்சலில் விழுந்தார். வைத்தியர் கைவிரித்துவிட்டார். 'குலசாமியை விட்டவனுக்கு நம்ம சுடுகாட்டில் இடமில்லை' என்றார்கள் பங்காளிகள். சபைக் கல்லறையிலோ ஞானஸ்நானம் பெற்றவருக்குத்தான் இடம். சாகக் கிடப்பவருக்கு மட்டும் உபதேசியாரே தண்ணீர் ஊற்றலாம் என்பது வழக்கம். மாசிலாமணியின் மனைவி சாலம்மாள் செம்பில் தண்ணீரோடு வந்து நின்றாள்.

"எந்திரிங்க, போலாம்."

"திரித்துவத்த ஒத்துக்காதவருக்கு எப்படி ஊத்தறது?"

"இத்தனை வருஷமா ஒப்பிக்கறீங்களே, உங்களுக்கு வெளங்கிருச்சுங்களா? நெசத்தச் சொல்லுங்க."

மாசிலாமணிக்கும் அது ஒருநாளும் விளங்கியதில்லை. விளங்கவில்லை என்று வாய்விட்டுச் சொல்லும் துணிச்சல் அந்தத் தறிக்காரருக்கு இருந்தது, தனக்கு இல்லை. இத்தனை வருஷப் பொறாமையில் பாதி அதற்குத்தான் என்று அன்றைக்குத் தெரிந்தது. செம்பை வாங்கிக்கொண்டு நடந்தார்.

சின்னண்ணன் கண் திறந்தார். "இந்த வருசமும் அதத்தான் கேக்கப் போறீங்களா, உபதேசியாரே?"

மாசிலாமணி கேட்கவில்லை. "பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்திலே" என்று தண்ணீரை ஊற்றினார். அன்றிரவே சின்னண்ணன் கண் மூடினார். மறுநாள் அடக்கத்துக்குக் கல்லறைத் தோட்டம் கொள்ளாத கூட்டம். 'எனக்கு இதில் பாதியாவது வருமா' என்று அப்போதும் தலைகளை எண்ணிக்கொண்டுதான் நின்றார் மனிதர்.

அந்த வருஷம் போதகர் ஐயர் வந்து ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டி, சின்னண்ணன் பெயரில் நிறுத்தினார்.

"திரித்துவக் கேள்விக்கு என்ன சொன்னார்?"

"கேக்கலீங்க ஐயா."

"ஏன் கேட்கவில்லை?"

மாசிலாமணி தரையைப் பார்த்தார். "அவரு என்னையத் திருப்பிக் கேட்டிருவாரோன்னு பயமுங்க."