பல் பெட்டியில் தூங்கியவர்

என் அண்ணி யாரையும் கண்ணைப் பார்த்துப் பேசமாட்டாள். வாயைப் பார்த்துத்தான் பேசுவாள். கல்யாணமாகி வந்த புதிதில் இதை வைத்து என் அம்மா படுத்தாத பாடில்லை. "நான் சாப்பிடுறதையே வச்ச கண்ணு வாங்காம பார்க்கறா" என்று என்னிடம் புலம்புவாள். அப்புறம்தான் தெரிந்தது, அண்ணி பார்த்தது அம்மாவின் ஆட்டம் கண்ட கடைவாய்ப் பல்லை. செயற்கைப் பல் செய்யும் லேப் ஒன்றில் அவளுக்கு வேலை. அவள் கண்ணுக்கு முதலில் பல் தெரியும், ஆள் பிறகுதான் தெரியும் என்று நாங்கள் கேலி செய்வோம்.

எனக்கு ஒரு குணம். ஒரு விஷயம் தெரியவில்லை என்றால் தலை வெடித்துவிடும். "நீ வர்றதுக்கு முன்னாடி உன் மூக்கு வந்துடும்" என்பான் அண்ணன். எங்கள் தெருவில் யார் வீட்டில் எந்தக் கதவு கிறீச்சிடும் என்பது வரை எனக்கு அத்துப்படி. அப்படிப்பட்ட எனக்குச் சொந்த அண்ணி மட்டும் பிடிகொடுக்கவே இல்லை. "இன்னைக்கு என்ன வேலை அண்ணி?" என்றால் "பல்" என்பாள். "நேத்து?" என்றால் அதற்கும் "பல்". மதிய இடைவேளையில் போன் செய்தால் எடுக்கமாட்டாள். கொண்டுபோன சாப்பாடு பாதி அப்படியே திரும்பி வரும். நகக்கண்ணில் எப்போதும் பச்சை மெழுகு ஒட்டியிருக்கும். சாப்பிடாமல் அந்த நேரத்தில் இந்த மனுஷி என்னதான் செய்கிறாள்? எனக்கு அது தொண்டையில் சிக்கிய முள்ளாகவே இருந்தது.

நான் வேலை பார்ப்பது ஒரு பல் மருத்துவமனையில், வரவேற்பு மேசையில். அண்ணி சொல்லித்தான் வேலை கிடைத்தது. எங்கள் டாக்டரம்மா அளவெடுத்து அனுப்புவார், அண்ணியின் லேபிலிருந்து பல் செய்து வரும். வருகிற பெட்டியைப் பிரித்து, யாருடைய பல் எது என்று பார்த்து எடுத்து வைப்பது என் பொறுப்பு.

அந்தப் பல் எப்படிப் பிறக்கிறது என்று அண்ணி ஒரே ஒரு முறை, என் நச்சரிப்புத் தாங்காமல் சொல்லியிருக்கிறாள். முதலில் மெழுகில் பல்லைச் செதுக்குவார்கள். அதை ஒரு சின்னக் குவளைக்குள் நிறுத்தி, சுற்றிலும் மாவுக் கரைசல் மாதிரி ஒன்றை ஊற்றி இறுக விடுவார்கள். சூளையில் வைத்தால் மெழுகு உருகிக் காணாமல் போய்விடும். அது இருந்த இடம் மட்டும் பள்ளமாக நிற்கும். அந்தப் பள்ளத்தில் காய்ச்சிய உலோகத்தை ஊற்றினால் மெழுகில் என்ன இருந்ததோ அது அப்படியே உலோகத்தில் வந்துவிடும். "நகம் பட்டிருந்தா அந்தக் கீறல் கூட வரும்" என்றாள். அதற்கு மேல் வாயைப் பிடுங்க முடியவில்லை.

ஒரு நாள் காலை பெட்டி வந்தது. பல்லின் மேல் மாட்டும் கேப்கள். மேலே பீங்கான் பூசும் முன் வாயில் பொருந்துகிறதா என்று பார்க்க, மெருகு போடாமல் சாம்பல் நிறத்திலேயே அனுப்பியிருந்தார்கள். எல்லாவற்றையும் எடுத்து வைத்த பிறகு பஞ்சுக்கு அடியில் ஒன்று மிச்சம் இருந்தது. யார் பெயரும் ஒட்டப்படவில்லை. இரண்டு கடைவாய்ப் பல்லைச் சேர்த்து வைத்த பருமன் இருக்கும். ஏதோ உடைந்த துண்டு என்று உள்ளங்கையில் போட்டுத் திருப்பினேன்.

ஒரு ஆள் தூங்கிக்கொண்டிருந்தார்.

சாய்வு நாற்காலி. அதில் வயிறு ஏறி இறங்கும் பாவனையில் ஒரு மனிதர். வாய் பிளந்திருந்தது. சட்டையின் மடிப்புகள் கூடத் தெரிந்தன. நான் "டாக்டர்!" என்று போட்ட சத்தத்தில், பல் பிடுங்க வந்திருந்தவர் எழுந்து வாசல் வரை போய்விட்டார்.

டாக்டரம்மா கண்ணில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியோடு வந்து குனிந்தார். இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். அப்புறம் அவர் புத்தி அவரை விடவில்லை. "இவருக்கு மூக்கடைப்பு இருக்கு. வாயாலதான் மூச்சு விடுறாரு" என்றார். உடனே லேபுக்குப் போன் போடச் சொன்னார்.

உலோகம் ஊற்றும் வார்ப்புக்காரர்தான் எடுத்தார். "அதுவா? அந்தம்மா மெழுகுத் தட்டுல இருந்துச்சு. உங்க டாக்டர் கேட்டிருப்பாங்கன்னு நினைச்சேன். டாக்டருங்க என்னென்னமோ கேப்பாங்க, நான் எதுக்கு வாயைக் கொடுக்கணும்? தட்டுல இருந்தா வார்த்துடுவேன்" என்றார்.

"எந்தம்மா தட்டுல?" என்று கேட்க வாயெடுத்தவள், கேட்கவில்லை. ஏனென்றால் அதற்குள் அந்த மனிதரின் இடது காலைப் பார்த்துவிட்டேன். கட்டைவிரலில் மட்டும் மாட்டிக்கொண்டு செருப்பு தொங்கியது. சின்ன வயதிலிருந்து அப்படிச் செருப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு தூங்கி, அம்மாவிடம் திட்டு வாங்கும் ஆள் உலகத்திலேயே ஒருவன்தான். என் அண்ணன்.

அண்ணன் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவன். கண் பரிசோதனையில் பார்வை போதவில்லை என்று இறக்கிவிட்டார்கள். ஆபீசில் உட்கார்ந்து பார்க்கும் வேலை தருகிறோம் என்றதற்கு, வேண்டாம் என்று வீட்டுக்கு வந்துவிட்டான். அதிலிருந்து டிப்போ இருக்கும் தெருவில் கூட நடக்கமாட்டான். கூட ஓட்டிய நண்பர்கள் வந்தால் தலைவலி என்று படுத்துக்கொள்வான். பகலெல்லாம் அந்த நாற்காலிதான் கதி. அந்தத் தூக்கத்தைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை.

சாயந்திரம் நேரே, எங்கள் தெருவிலேயே தனிக்குடித்தனம் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவன் கூடத்தில் ரேடியோவோடு இருந்தான். நான் அண்ணியைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போய்க் குழாயைத் திறந்துவிட்டேன், பேச்சு வெளியே கேட்காமலிருக்க.

"அண்ணி, அண்ணன் எங்க ஆஸ்பத்திரிக்கு வந்தான்."

"அவரா? வெளியவே போகலையே."

"இத்துனூண்டா வந்தான். பல்லுப் பெட்டியில."

அவள் கையிலிருந்த கரண்டி தொட்டியில் விழுந்தது. முகத்தில் ஈயாடவில்லை. "கீழ விழுந்து மிதிபட்டிருக்கும்னு நினைச்சு நிம்மதியா இருந்தேனே" என்றாள்.

அன்றைக்குத்தான் அண்ணி முதல் தடவையாக என்னிடம் பேசினாள் என்று சொல்வேன். தட்டின் ஓரத்தில் வைத்திருந்தாளாம். முதலாளி கூப்பிட்டாரென்று எழுந்து போனாளாம். திரும்பி வருவதற்குள் தட்டு வார்ப்புக்குப் போய்விட்டது.

"எப்பத்திலேருந்து செய்யறீங்க?"

"வேலைக்குச் சேர்ந்ததிலேருந்து. சாப்பாட்டு நேரத்துல. மிச்ச மெழுகு இருக்கும், கை சும்மா இருக்காது." அப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். போனில் கத்தும் முதலாளி. பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கும் பெண். குடையோடு மல்லுக்கட்டும் தபால்காரர். என் அம்மா சோறு மெல்லும் முகம். கேட்கக் கேட்க எனக்குத் திறந்த வாய் மூடவில்லை. பல்லை மட்டும் பார்க்கிறாள் என்று நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தபோது அவள் எங்கள் எல்லோரையும் பார்த்து முடித்திருக்கிறாள்.

"எல்லாம் எங்க அண்ணி? காட்டுங்க."

"இல்ல. வீட்டுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி உருக்கிடுவேன். அந்த மெழுகுலதான் மறுநாள் வேலை. எல்லாம் பல்லாயிடுச்சு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "எங்கம்மாவையுமா உருக்கினீங்க?" என்று கத்தியேவிட்டேன்.

"மெதுவா" என்று கூடத்தைப் பார்த்தாள். "வச்சிருந்தா யாராவது பார்ப்பாங்க. நல்லாருக்கும்பாங்க, இல்ல சிரிப்பாங்க. ரெண்டுக்கும் என்ன பதில் சொல்றதுன்னு எனக்குத் தெரியாது. உருக்கிட்டா யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம் பாரு." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அதை எடுத்துட்டு வந்துடும்மா. அவர் பார்த்தா மனசொடிஞ்சு போவார். வேலை போய் வீட்டுல தூங்கறதை ஊருக்குக் காட்டினேன்னு ஆயிடும்."

அந்தப் பயம் நியாயமானது என்று எனக்கே தோன்றியது. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் போய்ப் பார்த்தால் அண்ணன் என் மேசை மேல் கொலுவிருந்தான். டாக்டரம்மா எடுத்து வைத்திருந்தார். காத்திருந்தவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் வாங்கிப் பார்த்தார்கள். கன்னம் வீங்கிய ஒரு பெண், சிரிக்க முடியாமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஒரு பெரியவர் மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தூங்கறாரு, ஆனா வலது காலை ஏன் இப்படி ஊனிக்கிட்டிருக்காரு?" என்று கேட்டார்.

நான் வாங்கிப் பார்த்தேன். இடது கால் தொளதொளவென்று கிடந்தது. வலது கால் மட்டும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. கைகள் வயிற்றின் மேல், இல்லாத ஒரு வட்டத்தைப் பிடித்திருந்தன. தூக்கத்தில் அண்ணன் பிரேக் போட்டுக்கொண்டிருந்தான். கூடப் பிறந்த எனக்கு இத்தனை நாள் அது கண்ணில் படவில்லை. அழுகை வந்துவிட்டது. பல்வலி போலிருக்கிறது என்று பக்கத்திலிருந்த அம்மாள் தேற்றினாள்.

கைக்குட்டையில் முடிந்து அண்ணியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். உலோகத்தில் அவள் அதை அப்போதுதான் பார்க்கிறாள். நகத்தால் அழுத்திப் பார்த்தாள். பதியவில்லை. அடுப்பைப் பார்த்தாள். அந்த அடுப்புக்கெல்லாம் அது உருகாது.

"அரிசி டப்பாவுல போட்டுடட்டுமா?" என்று என்னையே கேட்டாள்.

"அந்த வலது காலைப் பார்த்தேன் அண்ணி" என்றேன்.

கூடத்திலிருந்து அண்ணன் குரல் கொடுத்தான். "ரெண்டு நாளா உள்ள என்ன குசுகுசுன்னு பேச்சு? எனக்குத் தெரியக் கூடாதா?"

அண்ணி கையைத் துண்டில் துடைத்தாள். காய்ந்திருந்த கையைத் திரும்பவும் துடைத்தாள். பிறகு விறுவிறுவென்று போய், அவன் கையை இழுத்து அதை வைத்துவிட்டு, நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"என்னது, பல்லா?" அவன் ஜன்னல் பக்கம் கொண்டுபோனான். கண்ணைச் சுருக்கினான். அவன் பார்வைக்கு அது சிக்கவில்லை. கட்டைவிரலால் தடவ ஆரம்பித்தான். நாற்காலியின் கைப்பிடி, தொப்பை, பிளந்த வாய். தொங்கும் செருப்புக்கு வந்ததும் விரல் நின்றது. "அடியே" என்றான். சிரிக்கப் போகிறான் என்று நினைத்தேன். விரல் வலது காலுக்குப் போனது. அங்கேயே இருந்தது. ரேடியோவில் யாரோ வானிலை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"நான் இன்னும் ஓட்டிக்கிட்டா இருக்கேன்?" என்று கேட்டான், திரும்பாமலே.

"தினமும்தான்" என்றாள் அண்ணி. "ராத்திரி சாப்பிட்டதும் வண்டியைக் கிளப்பிடுவீங்க. சில நாள் ஹாரன் கூட அடிப்பீங்க."

அண்ணன் தோள் குலுங்கியது. அழுகிறானா சிரிக்கிறானா என்று எட்டிப் பார்த்தேன். இரண்டும்தான். கொஞ்ச நேரம் கழித்து முகத்தைக் கழுவினான், சட்டையை மாற்றினான், அதைப் பையில் போட்டுக்கொண்டான். எங்கே என்று கேட்டதற்கு, "டிப்போ வரைக்கும். பசங்க பார்க்கட்டும்" என்று செருப்பை மாட்டினான். அண்ணி கதவைப் பிடித்துக்கொண்டு அவன் தெருமுனை திரும்பும் வரை பார்த்தாள்.

"டாக்டர் கேட்டா யார் செஞ்சதுன்னு சொல்லட்டுமா அண்ணி?"

"இப்ப வேணாம்" என்றாள். "கொஞ்சம் பொறு."

பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். சரியாகப் பொருந்தாத கேப் ஒன்றைத் திருப்பித் தரும் சாக்கில் ஒரு மதியம் லேபுக்கே போய்விட்டேன். அலமாரி முழுக்கச் சுண்ணாம்புத் தாடைகள் வரிசையாக இளித்துக்கொண்டிருந்தன. தூசி, ராவும் மோட்டாரின் இரைச்சல், மேசைக்கு மேசை ஒரு சின்னச் சுடர். ஜன்னலோர மேசையில் அண்ணி. வார்ப்புக்காரர் தட்டை எடுத்துப்போக வந்திருந்தார். தட்டில் மெழுகுப் பற்களுக்கு நடுவே பச்சையாக என்னவோ நின்றது. கிட்டப் போய்க் குனிந்தேன். ஒரு பொம்பளை மேசைக்கு மேல் எம்பி, கழுத்தை நீட்டி எதையோ எட்டிப் பார்க்கிறாள். மூக்கு உடம்புக்கு முன்னால் போகிறது.

"அண்ணி! என் மூக்கு இவ்வளவு பெருசா?"

மோட்டார் நின்றது. அத்தனை தலையும் நிமிர்ந்தது. கண்ணாடி அறையிலிருந்து முதலாளியும் எட்டிப் பார்த்தார். வார்ப்புக்காரர் தட்டைக் கண்ணுக்கு நேரே தூக்கினார். போன தடவை அவருக்குப் பேச்சு விழுந்திருக்க வேண்டும், இந்த முறை கேட்டுவிட்டார்.

"இதை எந்த டாக்டர் கேட்டாங்க?"

அண்ணியின் கை என்னை நோக்கி, அதாவது அந்தப் பச்சை மெழுகை நோக்கிப் போனது. பக்கத்திலேயே சுடர். ஒரு நொடியில் நான் உருகிப் பல்லாகிவிடுவேன். அவள் விரல் மெழுகைத் தொட்டு, லேசாகச் சாய்ந்திருந்ததை நிமிர்த்தி வைத்துவிட்டுத் திரும்பியது.

"யாரும் கேக்கல" என்றாள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "என்னோடது. நானா செஞ்சது. சேர்த்து வார்த்துடுங்க."

வார்ப்புக்காரர் தலையை ஆட்டிவிட்டு, பற்களோடு என்னையும் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.