பனிமலைக்குப் பூக் கட்டிப் போட்டது

பனிமலையை முதன்முதலாகப் படத்தில் பார்த்தபோது அதை உப்பு என்றுதான் நினைத்தேன். ஆம்பூரில் எனக்குத் தெரிந்த வெள்ளைக் குவியல் தோல் பதனிடும் ஷாப்பில் கொட்டி வைத்திருக்கும் உப்பு ஒன்றுதான். ஆட்டுத்தோல் கெடாமலிருக்க அதை வாரி வாரிப் போடுவார்கள். அதுவும் இரண்டு நாளில் அழுக்காகிவிடும். படத்தில் இருந்ததோ வானம் வரைக்கும் ஒரு பொட்டு அழுக்கில்லாத வெள்ளை. அதன் மேலே சிவப்புச் சட்டை போட்ட ஒரு ஆள், காலில் நீளப் பலகையோடு, தரையில் படாமல் அந்தரத்தில் இருந்தார்.

அப்போது எனக்கு எட்டு வயசு. எழுபதுகளின் நடுவில் இருக்கும். தோல் ஷாப்புக்கு வந்த புது மெஷின்களை ஓட்டக் கற்றுக்கொடுக்க ஜெர்மனியிலிருந்து ஒரு துரையும் அவர் வீட்டம்மாவும் வந்து பங்களாவில் குடியிருந்தார்கள். அம்மாவுக்கு அங்கே சமையல் வேலை. பள்ளிக்கூடம் விட்டதும் நான் போய்ச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வேன். யாராவது பார்த்தால் முகத்தைக் கதவோடு ஒட்டிக்கொள்வேன். அந்தப் பழக்கம் எனக்கு இன்னும் முழுசாகப் போகவில்லை.

கிறிஸ்துமஸ் லீவுக்கு அவர்கள் ஊருக்குப் போவதாக இருந்தது. அங்கே எந்த மலைக்குப் போகலாம் என்று பார்ப்பதற்காக இரண்டு படப் புத்தகங்கள் தபாலில் வந்தன. அன்றிலிருந்து துரைக்கும் துரைசாணிக்கும் ஒத்துப்போகவில்லை. பேச்சு புரியாவிட்டாலும், துரைசாணியின் தட்டு தொடாமலே திரும்பி வருவது அம்மாவுக்குப் புரிந்தது. கார் ஓட்டும் பாய்க்கு இங்கிலீஷ் தெரியும். அவரைத்தான் அம்மா பிடித்துக்கொண்டாள்.

“இன்னா பாய், அந்த மலையில கோயிலு இருக்குதா?”

“கோயிலும் இல்ல, ஒண்ணும் இல்ல. கால்ல பலகை கட்டிக்கினு மேலேர்ந்து சறுக்குவாங்க.”

“சறுக்கிட்டு?”

“மறுபடி மேல போவாங்க.”

“போய்ட்டு?”

“மறுபடி சறுக்குவாங்க. என்னைப் போய்க் கேக்குறியேமா! நான் ஏலகிரி மலைக்கே கார்லதான் போவேன்.”

பிறகு பாய் குரலைத் தாழ்த்திக்கொண்டார். புத்தகம் இரண்டில் ஒன்று உசர மலை, ஒன்று கம்மி மலை. போன வருஷம் அந்த உசர மலையில்தான் பனி சரிந்து துரைசாணியின் கூடப்பிறந்த தம்பி செத்துப்போனாராம். துரைசாணி அந்தப் பக்கமே வரமாட்டேன் என்கிறார். துரையோ, அங்கேயே போய் ஒருதரம் சறுக்கிவிட்டால் பயம் விட்டுப்போகும் என்கிறார்.

“நல்ல மனுசன்தான். ஆனா பிடிச்சா பிடிச்ச பிடி” என்றார் பாய்.

“செத்த எடத்துல போய் யாராவது வெளையாடுவாங்களா பாய்?” என்று அம்மா கேட்டாள்.

மறுநாள் சாயங்காலம் அம்மா பாயைக் கூட்டிக்கொண்டு துரைக்கு முன்னால் போய் நின்றாள். ரெண்டு மனசாக இருந்தால் எங்கள் ஊரில் பூக் கட்டிப் போட்டுப் பார்ப்போம், சாமி சொல்கிறபடி செய்வோம் என்று சொல்லச் சொன்னாள். எங்கள் வீட்டில் அது விளையாட்டுச் சமாசாரம் இல்லை. பத்திரிகை அடித்த பிறகு சிவப்புப் பூ வந்தது என்பதற்காக என் அத்தையின் கல்யாணத்தையே நிறுத்தியவர்கள் நாங்கள்.

துரைக்கு ஒரே சந்தோஷம். எது வந்தாலும் ஒத்துக்கொள்வதாகக் கை நீட்டி அம்மாவுக்கே சத்தியம் செய்தார். வெள்ளை வந்தால் கம்மி மலை, சிவப்பு வந்தால் உசர மலை என்று பேசி முடித்தார்கள். துரைசாணி நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினார். முகத்தில் ரத்தமே இல்லை.

எல்லாரும் பார்க்க, தோட்டத்தில் ஒரு நந்தியாவட்டையும் ஒரு செவ்வரளியும் அம்மா பறித்தாள். கட்டும்போது மட்டும் யாரும் பார்க்கக் கூடாது, அது முறை. உள்ளே போய் வாழையிலைத் துண்டில் இரண்டு பொட்டலமாக மடித்து, நாரால் கட்டி எடுத்து வந்தாள். சமையலறை அலமாரியில் ஒட்டியிருந்த அம்மன் படத்துக்கு முன்னால் இரண்டையும் வைத்தாள். வயசுக்கு வராத பிள்ளைதான் எடுக்க வேண்டும். என்னைக் கதவிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்து நிறுத்தினாள்.

அவ்வளவு பெரிய வெள்ளை மலைகள் இரண்டும் அந்தச் சின்னப் பொட்டலங்களுக்குள் இருப்பதாகவே எனக்குத் தோன்றியது. கண்ணை மூடி ஒன்றை எடுத்துத் துரையிடம் கொடுத்தேன்.

வெள்ளை.

துரை ‘ஓகே, ஓகே’ என்று தோளைக் குலுக்கினார். துரைசாணி அந்தப் பூவை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதார்.

“இன்னொண்ண பிரிக்காம கெணத்துல போட்டுட்டு வா” என்று அம்மா என் காதில் சொன்னாள்.

கிணற்றுவரைக்கும் போனேன். பிரிக்காதே என்றால் எந்தப் பிள்ளை பிரிக்காமல் இருக்கும்? நாரை இழுத்தேன். உள்ளேயும் நந்தியாவட்டை. செவ்வரளியைப் பறித்ததை என் கண்ணாலேயே பார்த்தேனே! அம்மன் சிவப்பை வெள்ளையாக மாற்றிவிட்டாள்! உடம்பெல்லாம் சிலிர்த்தது. அதுவரை பங்களாவில் வாயே திறக்காதவள், கத்திக்கொண்டே உள்ளே ஓடினேன்.

“அம்மா, இதுலயும் வெள்ளப் பூ! இதுலயும் வெள்ளப் பூ!”

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பாய் கூரையைப் பார்த்தார். துரை குனிந்து என் உள்ளங்கையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பிறகு துரைசாணியை வெகுநேரம் பார்த்தார். அப்புறம் பாயிடம் என்னவோ கேட்டார்.

“பாப்பா, இது யாரு செஞ்சதுன்னு கேக்குறார்” என்றார் பாய்.

“அம்மன்தான்!” என்றேன். இதுகூடத் தெரியாதா இவருக்கு என்று இருந்தது.

பாய் அதை இங்கிலீஷில் சொன்னார். துரை சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. மேசைக்குப் போய், உசர மலைப் புத்தகத்தை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார்.

“இத உன்னையே வெச்சிக்கச் சொல்றார்” என்றார் பாய்.

அந்த வெள்ளிக்கிழமை அம்மா என்னைக் கெங்கையம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். ஈரப்புடவையோடு சுற்றி வந்து, சந்நிதிக்கு முன்னால் நின்று, பட்பட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நிறுத்தவே இல்லை. கன்னம் இரண்டும் கன்றிப்போய்க் கண்ணில் தண்ணீர் வழிந்தது. அவ்வளவு பெரிய அதிசயம் செய்த சாமிக்கு இப்படித்தான் நன்றி சொல்ல வேண்டும் போலிருக்கிறது என்று, நானும் பக்கத்தில் நின்று, என் பங்குக்கு வலிக்க வலிக்கப் போட்டுக்கொண்டேன்.