மூன்றே வருடத்தில் முடித்த படிப்பு

எண்பதுகளின் நடுவில், லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் என்னோடு ஒரே அறையில் இருந்த நண்பன் ஆராய்ச்சிப் படிப்புக்கு அமெரிக்கா போனான். நான் லண்டனிலேயே இரசாயனவியலில் அதே ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்தேன். எனக்கு வகுப்புகள் இல்லை. ஒரேயொரு பேராசிரியர், மூன்று வருட ஆய்வு, அவ்வளவுதான்.

"ரெண்டு வருஷமா இன்னும் சோதனைதான் எழுதிறன். பெடியளுக்குப் படிப்பிக்கவும் வேணும்," என்று அவன் தொலைபேசியில் அலுத்துக்கொண்டபோது நான் சிரித்தேன்.

அவனுக்கு முன்பே பட்டம் பெற்றேன். ஆனால் இங்கிலாந்தில் பல்கலைக்கழகங்கள் புதிதாக ஆளெடுப்பதை நிறுத்தியிருந்தன. பேராசிரியர் வருடத்துக்கு வருடம் ஒப்பந்தத்தில் என்னை வைத்திருந்தார். அவர் ஓய்வுபெற்றபின் எனக்காகப் பேச ஒருவருமில்லை; ஒப்பந்தமும் நின்றுபோனது.

அந்தச் சமயம் நண்பனுக்கு உதவிப் பேராசிரியர் வேலை கிடைத்தது. "ஆறு வருஷம் பாத்துத்தான் நிரந்தரமாக்குவினம். எண்டாலும் ஒரு வழி இருக்கு. நீயும் வாவன் மச்சான்."

"எப்பிடி வாறது? குரோய்டன் குடிவரவு ஒஃபிசில என்ர அகதிக் கேஸ் முடியேல்லை. வெளிக்கிட்டால் திரும்பி வர ஏலாது."

கேஸ் முடிந்தபோது தொண்ணூறுகளின் பாதி போய்விட்டது. ஈஸ்ட் ஹாமில் பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக்கொடுத்துக்கொண்டே அமெரிக்கப் பல்கலைக்கழக வேலைகளுக்கு விண்ணப்பித்தேன். பட்டம் பெற்று நீண்டகாலம் ஆகிவிட்டதென்று பதில் வந்தது.

அந்த வாரம் நண்பன் அழைத்து, "வேலை எப்பிடிப் போகுது?" என்று கேட்டான்.

"பிழையில்லை," என்றேன்.