நக்கல் சோதனை

"வாய மூடாமப் பேசிக்கிட்டே ஏறுங்கப்பா!" என்று நாகமலைச் சரிவில் ஞாயிறு காலையில் பத்துப் பேரை மேய்த்துக்கொண்டு போகிறார் கனகலட்சுமி. கே.கே. நகர் கிளினிக் ஒன்றில் நர்ஸ், வயது நாற்பத்தேழு. வருடத்துக்கு ஒருமுறை மதுரையிலிருந்து இமயமலை ஏறப் போகும் குழுவின் உடம்பையும் மனசையும் பார்த்துக்கொள்வது இவர் பொறுப்பு. இது அதற்கான பயிற்சி.

மலைமேல் காலையும் மாலையும் ஒவ்வொருவர் விரலிலும் கருவியை மாட்டி ஆக்சிஜன் பார்ப்பார். தூக்கம், பசி, தலைவலி எல்லாம் கேட்டு நோட்டில் எழுதுவார். ஆனால் பதிலை மட்டும் நம்பமாட்டார். "நம்மூர் ஆம்பளைக தலவலின்னு சொல்லவே மாட்டாய்ங்க. கெத்து போயிருமாம்!" அதனால் சொந்தமாக ஒரு சோதனை வைத்திருக்கிறார். ஆளை வம்புக்கு இழுப்பார். பதிலுக்கு நக்கலடித்தால் தேறினார் என்று கணக்கு. "மதுரக்காரன் நக்கலுக்குப் பதில் சொல்லலேன்னா மூளைக்குக் காத்து போகலேன்னு அர்த்தம்."

போன வருடம் இதில் தோற்றவர் வில்லாபுரத்தில் ஜிம் நடத்தும் வெள்ளைத்துரை. அவர் ரயிலேறும் முன்பே, 'இமயம் வென்ற சிங்கமே' என்று நண்பர்கள் தெருமுனையில் பிளெக்ஸ் வைத்துவிட்டார்கள். பதினாலாயிரம் அடி, சிகரத்துக்கு இன்னும் ஒரு நாள்தான். "என்ன சிங்கம், சத்தத்தையே காணோம்?" என்றார் கனகலட்சுமி. சிங்கம் பாறையையே வெறித்துக்கொண்டிருந்தது. தோண்டித் துருவியபோதுதான், இரண்டு முறை வாந்தி எடுத்ததை மறைத்திருந்தது தெரிந்தது. உடனே இறங்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. வழிகாட்டி கூட்டிப்போகத் தயாராக நின்றார். வெள்ளைத்துரைதான் எழுந்திருக்க மறுத்தார்.

"பிளெக்ஸ் வச்சுட்டாய்ங்கக்கா... எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஊருக்குள்ள போவேன்?" என்று அம்புட்டுப் பெரிய உடம்பு குலுங்க அழுதார். பார்க்கவே பாவமாக இருந்தது.

நான்கு வருடமாகப் போயும் கனகலட்சுமி ஒருமுறைகூடச் சிகரம் தொட்டதில்லை. ஒவ்வொரு தடவையும் யாரையாவது கீழே கூட்டிவர நேர்ந்துவிடும். அந்தத் தடவை தொட்டே தீர்வது என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தார். வெயிலில் பளபளத்த உச்சியை ஒரு நிமிடம் அண்ணாந்து பார்த்தார். ஆசையாகத்தான் இருந்தது. பிறகு நெற்றியைப் பிடித்தபடி வெள்ளைத்துரை பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எனக்கும் கிறுகிறுன்னு வருது தொர. தனியா எறங்கப் பயமா இருக்கு. தொணைக்கு வாரியாப்பா?"

வெள்ளைத்துரை கண்ணைத் துடைத்துக்கொண்டு மெல்ல எழுந்து கையை நீட்டினார். உடம்புக்கு ஒரு குறையும் இல்லாத கனகலட்சுமி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, முதல் அடியிலேயே நன்றாகத் தள்ளாடிக் காட்டினார்.